உடையாத பிஸ்கட்

4 மார்ச்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, கடிதம் போடுங்கள் என்றாய். போட்டுவிட்டேன்.

போன பைக் பந்தயத்தில் விரல் மரத்துப்போயும் வீம்புக்கு ஓட்டி விழுந்தேன், தோளில் காறை எலும்பு முறிந்தது. "உடம்பு போதும்னு சொன்னா நிறுத்துற ஆளா மாறுங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாய். அதற்காகத்தான் இந்தப் புது கோச்சிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

எட்டு மணி நேரப் பந்தயம். ஒரே வண்டியை நானும் கூட்டாளியும் மாறி மாறி ஓட்ட வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் முன்கை கல்லாகிவிடும், பிரேக் இருப்பதே விரலுக்குத் தெரியாது. தொடையால் டேங்கைக் கவ்விக்கொண்டு கையைத் தளர விட வேண்டுமாம். அதற்கொரு பயிற்சி: தொடைகளுக்கு நடுவே பந்தை நெருக்கியபடி முழங்காலை மடக்கி நிற்கணும், இரண்டு கைக்குள்ளும் பிஸ்கட். உடைந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்று ஒரு பாக்கெட்டையே தூளாக்கினேன். எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

உன்,
பந்தயக்காரன்

11 மார்ச்

அன்புள்ள பந்தயக்காரருக்கு,

உட்கார்ந்து ஓட்டுவதற்கு இத்தனை கூத்தா என்கிறாள் அக்கா. படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கிறீர்களா? கழுத்துக்குப் பயிற்சி உண்டா? தோள் வலி விட்டதா? இதையெல்லாம் எழுதாமல் எறும்புக் கதை அளக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதலிடத்தில் போகும்போது விரல் மரத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

இப்படிக்கு,
டீச்சர்

19 மார்ச்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

தண்ணீர் குடிக்கிறேன். கழுத்தில் ரப்பர் பட்டையை மாட்டி கோச் இழுக்கிறார், நான் தலையை அசைக்காமல் நிற்கிறேன். வலி இல்லை.

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பொய் எழுத மனம் வரவில்லை. எங்களுக்குள் ஒரு சைகை உண்டு: ஓடும்போதே இடது காலை வெளியே நீட்டினால் "உள்ளே வருகிறேன்" என்று அர்த்தம், கூட்டாளி வண்டியை வாங்கி ஓட்டத் தயாராகிவிடுவான். அந்தக் காலை நீட்டுவதுதான் எல்லாப் பயிற்சியிலும் கஷ்டமானது.

பிஸ்கட் இப்போது உடைவதில்லை. ஞாயிறு பந்தயம். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உன்,
பந்தயக்காரன்

29 மார்ச்

என் அன்பான உங்களுக்கு,

வந்திருந்தேன். கேலரியின் மேல் படியில், வெயிலில்.

அப்பப்பா, என்ன வேகம்! வளைவில் வண்டி சாய்ந்து உங்கள் முழங்கால் தரையை உரசியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அத்தனை வேகத்திலும் கை மட்டும் குழந்தையைப் பிடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் நீங்கள் செய்வது என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதலிடத்தில் வந்துகொண்டிருந்தீர்கள். சட்டென்று உங்கள் இடது கால் நீண்டது. பக்கத்திலிருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "முன்னாடி போறப்போ எவனாவது உள்ள வருவானா?" என்றார். நான் மட்டும் எழுந்து நின்று கைதட்டினேன். கண்ணில் நீர் முட்டி, நீங்கள் இறங்கியதுகூடச் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது இடம்தான் என்று அறிவித்தபோதும் தட்டினேன்.

எதிரில் வந்து நிற்கத் தைரியம் வரவில்லை, அப்படியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அக்காவின் தலையணையைத் தொடைக்கு நடுவே வைத்து, கையில் பிஸ்கட்டோடு நின்று பார்த்தேன். முழங்காலை மடக்கும் முன்பே நொறுங்கிவிட்டது. அக்கா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது.

பெட்டி கட்டிவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். பிஸ்கட் நிறைய வாங்கி வையுங்கள்.

உங்கள்,
நான்