தடுக்கிற மாத்திரை

ஐப்பசி 12, புதன்

பல்லடத்திலிருந்து நாத்தனார் மரகதம் வந்திருந்தாள். கோழிப்பண்ணை வைத்திருப்பவள்; அண்ணியான என்னை நங்கை என்றே கூப்பிடுவாள். மேசையில் பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். என் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை எடுத்து, கதிர்வீச்சும் முடிந்த பிறகு, ஐந்து வருடம் தினமும் போடச் சொல்லி டாக்டர் தந்தது. பத்து நாளாக நான் தொடவில்லை.

"ஏனுங்க நங்கை, ஹார்மோன் மாத்திரைங்களா? கோழிக்கு ஹார்மோன் போடறோம்னு ஊரே எங்களைப் பேசுது. நாங்க கோழிக்கே போடறதில்லீங்க, நீங்க திங்கப் போறீங்களா?"

சிரித்துவிட்டேன். இது ஹார்மோனைக் கொடுப்பதில்லை, தடுக்கிறது என்றேன். பரீட்சைக்குப் பயந்து நான் பாடம் எடுக்கும் பிள்ளைகள் வகுப்பறைப் பூட்டுக்குள் தீக்குச்சியை ஒடித்து வைத்த கதையைச் சொன்னேன். சாவி நுழையவில்லை, கதவு திறக்கவில்லை. எங்காவது ஒரு புற்றுநோய் செல் மிச்சமிருந்தால், அதை வளர்க்கும் ஹார்மோன் உள்ளே நுழையாதபடி இந்த மாத்திரை அடைத்துக்கொள்ளும்.

"இவ்வளவு தெரிஞ்சுபோட்டு ஏனுங்க போடாம வெச்சிருக்கறீங்க?"

மூட்டு வலிக்கும், உடம்பு திடீரென்று எரியும் என்கிறார்கள். ஆனால் காரணம் அதுவல்ல. வைத்தியமெல்லாம் முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். தினமும் ஒன்று போட்டால் இன்னும் முடியவில்லை என்றாகிவிடும். சொன்ன சொல்லைக் காப்பாற்றவா மருந்தைத் தள்ளிவைப்பது என்று தோன்றியது.

அவளிடம் தண்ணீர் கேட்டேன். அவள் எதிரிலேயே முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். வலி வந்தால் டாக்டரிடம் சொல்வேன், நானாக நிறுத்த மாட்டேன். இனி யாராவது நலம் விசாரித்தால், வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்வேன்.