கையில் இல்லாத பங்கு

1968 நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். குரோம்பேட்டை ஸ்டேஷனில் குடைக்கம்பி ஒன்று போச்சு. கம்பெனி கேன்டீன் பலகையில் வழக்கம்போல நம் பங்கின் விலை எழுதினேன்: 17. போன மாதம் 24.

பியூன் முனுசாமி: "இன்னா சார், தெனிக்கும் எறங்கிகினே கீது? மிஷின் நல்லாத்தானே ஓடுது?" எனக்கும் புரியவில்லை. ஆர்டர் குறையவில்லை.

ஜோசப்பை நினைத்தால்தான் கவலை. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி, வாத்தியார். சேமிப்பு முழுவதையும் நம் பங்கில் போடச் சொன்னது நான். அஸ்தினாபுரத்தில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். மீதி பதினைந்தாம் தேதிக்குள்.

6, புதன்

நல்ல மழை. கம்பெனியில் பணம் போட்டிருக்கும் பம்பாய் பார்ட்டியின் கடிதம். தங்கள் முன்னுரிமைப் பங்குகளை 12ஆம் தேதி சாதாரணப் பங்குகளாக மாற்றிக்கொள்கிறார்களாம். சர்டிபிகேட் ஐம்பது ஐம்பது பங்காகப் பிரித்து, புரோக்கர் பேரில் வேண்டுமாம். வைத்திருக்கப் போகிறவன் இப்படியா கேட்பான்?

புரோக்கர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஒரு மாசமா விக்கிறதே அவங்கதான் சார். கையில ஒண்ணும் இல்லாமலே!"

மடையன் நான். ஒப்பந்தத்தை டைப் அடித்ததே நான்தான். மாற்றும் நாளுக்கு முந்தைய பதினைந்து நாள் சராசரி விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். விலை விழ விழ அவர்களுக்குக் கிடைக்கும் பங்கு கூடும். இல்லாததை விற்று விலையை விழவைக்கிறார்கள். விழுந்த விலையில் மாற்றி, வரும் புதுப் பங்கைக் கொண்டுபோய் வாங்கினவனிடம் கொடுப்பார்கள்.

கம்பெனி செக்ரட்டரியிடம் சொன்னேன். "தெரியும். வெளிய மூச்சு விட்டீர்னா வேலை இருக்காது. உம்ம கையெழுத்து அழகு. எழுதறதோட நிறுத்திக்கும்."

10, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஜோசப். "அத்தான், பதினாலுக்கு வந்துட்டு. வித்துரவா?"

விற்றுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். நாலடி தள்ளி நம் செக்ரட்டரி, பாஸ்டரோடு பேசிக்கொண்டு. "பொறு ஜோசப், ஏறும்" என்றேன். பொறு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஏறும் என்றும் சொன்னேனே, பாவி.

மதியம் கறிக்குழம்பு. இறங்கவில்லை.

12, செவ்வாய்

நாள் முழுக்க பம்பாய் பார்ட்டிக்குப் புது சர்டிபிகேட் எழுதினேன். இரண்டாவது மைப்புட்டி. விரல் வீக்கம். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

13, புதன்

விலை 9. எழுதப் போனேன், முனுசாமி பலகையைத் துடைத்துவிட்டான். "வாணாம் சார். பேஜாரா கீது." அவனிடமும் பத்துப் பங்கு உண்டாம். இன்றுதான் சொல்கிறான்.

14, வியாழன்

மழை விட்டது. ஜோசப் லீவு போட்டு ஆபீஸுக்கே வந்தான், பங்கு மாற்றப் பத்திரத்தோடு. விற்றுவிட்டான்; வந்த பணம் மீதிக்குப் போதவில்லை. மனை போச்சு, அட்வான்ஸும் போச்சு.

திட்டுவான் என்றிருந்தேன். திட்டியிருக்கலாம். "விடுங்க அத்தான். நீங்க மட்டும் தெரிஞ்சா சொன்னீங்க?"

பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், வெளியாள் எதற்கு, நீங்களே போடுங்கள் என்றான். போட்டேன்.