'அலர்ஜி இல்லை' என்று டிக் போட்ட மூக்கு

நவ. 4, திங்கள்
தூறல். குளிர். எழுந்ததும் தும்மல், பதினேழு. ரூம்மேட் கவிதா போர்வைக்குள்ளிருந்து: "முடிஞ்சுதா? நான் தூங்கட்டுமா?" வழக்கம்போல் மாத்திரை, கம்பெனி பஸ்.
லேபில் மூக்குநீர் சாம்பிள்கள். அலர்ஜி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரண்டு பட்டியல். இல்லாதவர்களில் நானும். ஆள் குறையுது என்று லேப் ஹெட் மஞ்சுளா மேடம் கேட்டபோது ஃபார்மில் 'அலர்ஜி இல்லை' டிக் போட்டுவிட்டேன். சேர்ந்து மூணே மாசம். சீக்காளி என்ற பேர் வேண்டாம்.

நவ. 5, செவ்வாய்
இன்டர்லூக்கின்-13 டெஸ்ட். மூக்கில் சளி சுரக்கச் சொல்லி செல்கள் அனுப்பும் சேதி அது. சேதி கூடினால் தட்டிலுள்ள குழியில் மஞ்சள் கூடும். அலர்ஜி இல்லாதவர்கள் குழியெல்லாம் வெளுப்பு. ஒன்று மட்டும் அடர் மஞ்சள். என் நம்பர்.
மேடம்: "யாரு குழியில சாம்பிள் விட்டது?"
கூட வேலை செய்யும் ரவி: "நான்தான் மேடம்."
"கவனம் எங்க இருக்கு?"
அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் குனிந்து டியூப்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நவ. 6, புதன்
ரவி முழுத் தட்டையும் மறுபடி போட்டான். அதே குழி, அதே மஞ்சள்.
மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஆறு வருஷத் தும்மல், மூக்கடைப்பு, தினம் மாத்திரை, பொய் டிக். வேலை போச்சு என்றே நினைத்தேன்.
"தப்பு பண்ணிட்ட. உன் சாம்பிளைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டு, காரணத்தையும் எழுதி வெக்கறேன். முதல்ல ரவிகிட்ட சொல்லு." அப்புறம், மெதுவா: "ஆறு வருஷமாவா? டாக்டரைப் பாக்கவே இல்லியாம்மா?"
ரவி: "அப்பாடா, என் கை சரியாத்தான் இருக்கு." டீ வாங்கிக் கொடுத்தான். அவன், எனக்கு!

நவ. 8, வெள்ளி
ஈ.என்.டி. அப்பாயின்ட்மென்ட், மேடமே போட்டது. மாத்திரை தடுத்தது தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமினை மட்டும். இன்டர்லூக்கின்கள் தம்பாட்டுக்குச் சேதி அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரே அந்தச் சேதியையே குறைக்குமாம். தினமும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்.
வாங்க வேண்டியது: மாஸ்க், தலையணை உறை 2.

நவ. 17, ஞாயிறு
வெயில். மூன்றே தும்மல். வாயை மூடிக்கொண்டு தூங்கினேனாம். சொன்னது கவிதா. கீழ்வீட்டில் கொத்தமல்லி நறுக்குவது இங்கே மணக்கிறது.
அம்மாவுக்கு போன். "சளி இல்லம்மா, அலர்ஜி. தலைக்குக் குளிச்சதால வந்ததில்ல."
அம்மா: "அப்போ உன்னைத் திட்டினதெல்லாம்?"
"நானுந்தாம்மா அப்படியே நம்பினேன்."
"இப்ப மூச்சு விடு. கேக்கறேன்."
போனை மூக்குக்குக் கிட்ட வைத்து மூச்சு விட்டேன். இரண்டு துளையிலும்.