திரும்பி வந்த கொயில்

அக்குறணை,
1974 டிசம்பர்

அனீஸாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் பிள்ளையும் உங்கள் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பதாகக் காளிமுத்து வந்து சொன்னார். கொஞ்சம் அதிகமாகவே சுகமாக இருப்பதாகச் சொன்னார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மாமிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பேக்கரியில் பாணுக்கு இன்னும் கியூதான். விடியற்காலையில் ஹபீல் தம்பி போய் நின்று வாங்கி வருகிறான். அனீஸா பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னதற்கு ஒரு டிராக்டர் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். என்னை வரையவில்லை. ஏன் என்று கேட்டேன், உம்மா கடையில் இருக்கிறா என்றாள். சரிதானே, கடையில்தானே இருக்கிறேன்.

கடை நன்றாக நடக்கிறது. வெளிநாட்டுச் சாமான் வராத இந்தக் காலத்தில் பழைய வண்டிச் சாமானுக்குத்தான் மதிப்பு. பன்வில தோட்டத்து டிராக்டர் ஒன்று பொயின்ட் கருகிப் போய் நம் முற்றத்தில் நிற்கிறது. ஹபீல் பொயின்ட்டை மாற்றிவிட்டான், மிச்ச வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். உங்களைப் போல் கை சுத்தம் இல்லை, ஆனாலும் செய்கிறான். சின்ன வேலையென்றால் சொன்ன நாளில் முடித்துக் கொடுத்துவிடுகிறான்.

நீங்கள் நோன்புப் பெருநாள் முடிந்து கதுருவெலைக்குப் புறப்பட்டபோது ஒரு கிழமை, ஏழே நாள் என்றீர்கள். கணவன் மவுத்தாகிப் போன ஒரு பெண், தனியாக வயலைப் பார்க்கிறாள், உழவு நேரத்தில் டிராக்டர் நின்றுவிட்டது, செய்து கொடுத்தால் நன்மை கிடைக்கும் என்றீர்கள். நானும் உங்கள் சாரனை மடித்துப் பெட்டியில் வைத்து, நன்மைதானே என்று அனுப்பினேன். இப்போது இரண்டு மாதம் ஓடி ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது.

அந்த டிராக்டரின் எஞ்சினைப் பற்றவைக்கும் முதல் கொயில் எரிந்ததற்கு உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. அந்த வீட்டு டிரைவர், ரெசிஸ்டர் சுடுகிறது, தீப்பிடித்துவிடும் என்று பயந்து, அதை விட்டுவிட்டுக் கரண்ட் நேரே போகும்படி ஒரு கம்பியை முறுக்கிவிட்டான் என்று எழுதியிருந்தீர்கள். நம்பினேன். இந்தப் பக்கத்திலும் எத்தனை பேர் அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள்! பாதி வோல்ட்டுக்குச் செய்த கொயிலுக்குப் பன்னிரண்டு வோல்ட்டையும் நேரே கொடுத்தால் அது என்ன செய்யும், பாவம். நீங்கள் அனுப்பிய அந்தக் கொயிலைப் பிரித்தபோது எண்ணெய் கக்கி, தலை வீங்கி, மேசையெல்லாம் நாறியது. பழையதை அனுப்பினால்தான் புதியது என்பது நம் கடையில் நீங்களே போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறாமல் நீங்கள் அனுப்பினீர்கள், நானும் மீறாமல் அடுத்ததை அனுப்பினேன்.

அந்த இரண்டாவது கொயிலுக்காக நான் கட்டுகஸ்தோட்டைக்குப் போய், உடைத்துப் போட்ட கார்களுக்கு நடுவே மழையில் நின்றேன். கொயிலும் ரெசிஸ்டரும் ஒரே காரிலிருந்து ஒன்றாகக் கழற்றி எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டையும் ஒரே துணியில் சுற்றி அனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருத்தியின் வயல் உழுபட வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து? நீங்கள் சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான்.

போன கிழமை அந்தக் கொயிலும் காளிமுத்து கையில் திரும்பி வந்தது. இதுவும் செத்துவிட்டது, இன்னொன்று பார்த்து அனுப்பு, அவசரமில்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அவசரமில்லை என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

காளிமுத்துவை உங்களுக்குத் தெரியும். மடுல்கெல்லையிலிருந்து லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறவர், சூதுவாது தெரியாத மனுஷன். தேத்தண்ணி கொடுத்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். “மொதலாளிக்கு அங்க ஒரு கொறையும் இல்லக்கா. அந்தம்மா கொளத்து மீனப் பொரிச்சு, எருமத் தயிரோட சோறு போடுறாங்க. நல்லா சதை போட்டுட்டாரு” என்றார். நான் பொரித்தால் மீன் வாடை பிடிக்காது என்று எழுந்து போகிறவருக்கா என்று நினைத்துக்கொண்டேன். வயலெல்லாம் எப்படி என்று கேட்டேன். “வயலுக்கு என்னாக்கா, எல்லாம் வெதச்சு முடிஞ்சு பச்சப் பசேல்னு நிக்கிது” என்றார். விதைத்து முடிந்த ஊரில் உழவு டிராக்டருக்கு என்ன அவசரம்? அவசரமில்லை என்று நீங்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கடிதத்தில் அவளை அக்கா முறை வைத்து, றம்ஸியா தாத்தா என்று எழுதினீர்கள். அடுத்த கடிதத்தில் தாத்தாவைக் காணோம், றம்ஸியா மட்டும் இருந்தாள்.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் காளிமுத்து சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “அந்தம்மாவுக்கு இப்ப டிராக்டர் வேலையெல்லாம் தெரியுதுக்கா. மொதலாளி அந்த வெள்ளக் கட்டையில வெரல வைக்கச் சொன்னாரு. அவங்க வச்சுட்டு, அம்மாடி சுடுதேன்னு கைய ஒதறிச் சிரிச்சாங்க” என்றார்.

அவர் போனதுகூடத் தெரியவில்லை.

நம் கல்யாணம் முடிந்த புதிதில், என் வாப்பாவின் இதே கடை முற்றத்தில், ஓடிக்கொண்டிருந்த டிராக்டருக்குப் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டு, அந்த வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டரில் விரலை வைக்கச் சொன்னது யார்? சுடுகிறதா என்று கேட்டீர்கள். சுடுகிறது என்று கையை உதறினேன். சுடத்தான் வேண்டும், கொயிலுக்குப் போகிற மிச்சச் சூட்டை இது தாங்கிக்கொள்வதால்தான் கொயில் பிழைக்கிறது, எனக்குக் கோபம் வரும்போது நீயும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றீர்கள். ஊதுகிறேன் என்று என் விரலைப் பிடித்தீர்கள். பதினேழு வயதில் அதை விடப் பெரிய அன்பு வார்த்தை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக உங்கள் கோபத்தையெல்லாம் தாங்கிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது எனக்கு மட்டும் சொன்னது என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய விரலையும் ஊதினீர்களா? காளிமுத்துவிடம் இதை நான் கேட்க முடியாது. உங்களிடம் கேட்கிறேன்.

அன்றைக்கே உங்கள் செத்த கொயிலை எடுத்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. தலை வீங்கவில்லை. மோந்து பார்த்தேன், கருகல் வாடை இல்லை. மீட்டரை வைத்தால் நான் அனுப்பியபோது காட்டியதையே காட்டியது. மீட்டர் பொய் சொல்லட்டும் என்று நான் துஆக் கேட்டேன், தெரியுமா? மனுஷர் உண்மையாக இருந்து மீட்டர் கெட்டுப் போயிருக்கட்டும், வேறு மீட்டர் வாங்கலாம் என்று. ஹபீலிடம் காரணம் சொல்லாமல், முற்றத்தில் நிற்கும் பன்வில டிராக்டரில் அதை மாட்டச் சொன்னேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் வரைக்கும் ஓட விட்டேன். ஒருமுறைகூட இருமவில்லை. “ராத்தா, இது புதுக் கொயில் மாதிரி ஈக்கி, யாரு இத செத்ததுன்னு சொன்ன?” என்று கேட்டான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று உள்ளே போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு சித்தி றலியா மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டா. “ஆம்புளய அவ்வளவு தூரம் உட்டுட்டு நீ இங்க கொயில் வித்துக்கொண்டு ஈக்கிற. அவங்களுக்கு மார்க்கத்துல எடம் ஈக்கிதானே, பொறகு அழுது வேலல்ல” என்றா. இடம் இருக்கிறது, நானும் அறிவேன். நீங்கள் அவளை இரண்டாவதாக நிக்காஹ் முடித்தால் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அவள் நல்ல பெண்ணாகவும் இருக்கலாம். தனியாக வயலைப் பார்க்கிறவள், பாவமும்தான். இதையெல்லாம் யோசித்துப் பார்த்தும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் பொரித்த மீனைப் பிடிக்கவில்லை, அவள் தயிரைப் பிடிக்கவில்லை, அவள் சிரிப்பை நான் கேட்டதுகூட இல்லை, அதையும் பிடிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வயிறு எரிகிறது. இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. கொயிலைச் சாகடித்து அனுப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கம்பியை முறுக்கிவிட்டால் போதும். நீங்கள் அதைச் செய்யவில்லை. நான் மழையில் நின்று தேடிய சாமானை எரிக்க உங்களுக்குக் கை வரவில்லை. பழையதை அனுப்பாமல் தொலைந்துவிட்டது என்றும் எழுதவில்லை. நான் பிரித்துப் பார்ப்பேன் என்று தெரிந்தே அனுப்பினீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அதே கொயிலைக் காளிமுத்து கையில் திருப்பி அனுப்புகிறேன். மாட்டுங்கள். டிராக்டர் ஓடுகிற சத்தத்தைத் தன் காதால் கேட்ட பிறகுதான் லொறியை எடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். முன் சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சீட்டில் ஏறி வாருங்கள். மாமி உங்களுக்காக வட்டிலப்பம் அவிக்கப் போகிறா. மீனும் பொரிக்கிறேன், வாடை வந்தால் எழுந்து போங்கள், பரவாயில்லை. நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது. கேட்பேன். சத்தமாகவே கேட்பேன்.

சீட்டு காலியாக வந்து, கொயில் மறுபடியும் திரும்பி வந்தால், அதை நான் சோதித்துப் பார்க்க மாட்டேன். செத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

அல்லாஹ் உங்களை நல்ல நினைப்போடு வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக. பிள்ளையின் சலாம், மாமியின் துஆ.

உங்கள்
உம்மு குல்சும்

பின்குறிப்பு: கொயிலோடு ஒரு ரெசிஸ்டரும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நம் முற்றத்தில் நான் விரல் வைத்தது இதுதான். இவ்வளவு காலம் என் அலுமாரிக்குள் இருந்தது. மீட்டரில் பார்த்தேன், இந்தக் கொயிலுக்குப் பொருந்துகிறது. அங்கே இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் போட்டுச் சோதியுங்கள். சோதித்து முடிந்ததும் கையோடு கழற்றிக்கொண்டு வாருங்கள், அந்த டிராக்டருக்கு வேறொன்றை ஹபீல் அனுப்புவான். இது சுடும். வேறு யாரையும் விரல் வைக்க விடாதீர்கள்.