பாறை மேல் நீர்க்காகங்கள்

அன்புள்ள மகன் நெஸ்தோருக்கு, அப்பா எலிகியோ எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, தங்கை, நான் மூவரும் சுகம், கோழிகளும் சுகம், அந்த அலாஸ்காக் குளிரில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். விரல் மூட்டு வலி இன்னும் போகவில்லை, அதனால் போன தடவை போலவே நான் சொல்லச் சொல்ல டெல்ஃபினா எழுதுகிறாள். நீ அனுப்பிய படம் வந்தது, இளைத்துப் போயிருக்கிறாய், அந்தத் தாடியும் வேண்டாம். மீன் ஆலையில் வேலை பார்த்துவிட்டு மீன் வாசனை பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே.

பள்ளிக்கு வசந்த விடுமுறை விட்டுவிட்டார்கள், எனக்கும் ஒரு வாரம் பள்ளி பஸ் ஓட்டும் வேலை இல்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் டெல்ஃபினாவைக் கூட்டிக்கொண்டு உன் ஒனேசிமோ மாமாவோடு அணை ஏரிக்குப் போய்வந்தேன். தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது, படகு இறக்கும் சரிவைக் கீழே நீட்டிக் காங்கிரீட் போட்டிருக்கிறார்கள், பாறைகளில் பழைய தண்ணீர் விட்டுப்போன வெள்ளைக்கோடு வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்கிறதாம். சனி காலையில் காற்றே இல்லை, முழுகிக் கிடக்கும் புதர்களுக்குள் வெள்ளை பாஸ் மீன் முட்டையிட வந்திருந்தது, தூண்டில் விழுந்ததும் கவ்வியது. மாமா கோழி ஈரலை மாட்டிக் கெளுத்திக்குக் காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை, அந்த ஈரலைத் தனக்கே வறுத்துக் கொடுத்திருக்கலாம் என்று நாள் முழுக்கப் புலம்பினார். மதியத்துக்கு மேல் வழக்கம்போல மணல்காற்று எழும்பியது, கரையேறிக் கூடாரம் அடித்து, பீன்ஸும் பச்சை மிளகாயும் சுடவைத்துச் சாப்பிட்டோம். தவக்காலம் என்பதால் வெள்ளிக்கிழமைக் கோவில் சாப்பாட்டுக்கு மீன் தருவதாக ஃபாதரிடம் சொல்லியிருந்தேன், பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். ஞாயிறன்று மிதந்து வந்த மரக்கட்டை ஒன்றில் பட்டு மோட்டார் விசிறி கொஞ்சம் வளைந்தது, பெரிதாக ஒன்றுமில்லை.

விடுமுறை முடிந்ததும் ஓடைப் பாலத்தில் வேலை தொடங்குகிறார்களாம், பஸ்ஸைப் பழைய சுரங்கத்துக்குப் போகும் மலைரோடு வழியாகச் சுற்றி ஓட்டவேண்டும். பார்த்துக்கொள்ளலாம். நீ காலுறையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே, ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு, அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, எனக்கு எழுதுவது அவளுக்கு எழுதியதாகாதாம். ஆண்டவர் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
எலிகியோ

அண்ணா, மேலே இருப்பதெல்லாம் அப்பா சொன்னது. இந்தத் தாள் நான் எழுதுவது, அவருக்குத் தெரியாது. இருவரும் தூங்கிவிட்டார்கள், நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், இருமல் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மரக்கட்டையில் படவில்லை. ஏரியில் இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கிற கால்வாயில் பன்றிப்பாறை என்று ஒன்று உண்டே, நீயும் அப்பாவும் அதன் மேலேயே படகை விட்டு மீன் பிடிப்பீர்களே, மூன்று ஆள் ஆழத்தில் இருக்கிறது என்று எனக்கும் சொல்லியிருக்கிறாய். அது இப்போது வெளியே வந்துவிட்டது. வெள்ளையாக, ஒரு மாடு படுத்த மாதிரி இருக்கிறது. ஞாயிறு காலை அப்பா மோட்டாரைப் பிடித்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனார். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஈரல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அப்பா பாறை என்றேன். அவர் அமைதியாக, அது கீழதான இருக்கு குட்டி, நமக்கு மேல நிறைய தண்ணி இருக்கு என்றார். நான், அப்பா அதுமேல நீர்க்காகம் உக்காந்திருக்கு என்றேன். அப்போதும் அவர் பாறை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், எந்தக் காகம் என்று கேட்டார். மாமா திரும்பிப் பார்த்துப் பாய்ந்து வந்து மோட்டார் பிடியைத் தள்ளினார், விசிறி மட்டும் உரசியது, காகங்கள் பறந்தன. மாமா சிரித்துக்கொண்டு, என்ன மச்சான், பத்து வருஷத்துக்கு முந்தின ஏரியில படகு ஓட்டுறீங்களா என்றார். அப்பாவும் சிரித்தார். மாமா அதை ஞாபகப் பிசகு என்றுதான் நினைத்திருக்கிறார்.

மாமா படகு ஏற்றும் ட்ரெய்லரைக் கொண்டுவரப் போனபோது அப்பா என்னிடம் சொன்னார். நடுவுல மட்டும் புகை மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது, அம்மாகிட்ட சொல்லாத, சொன்னா அன்னைக்கே பஸ் சாவியை வாங்கி வச்சிருவாங்க, எனக்கு வேற என்ன தெரியும் என்றார். என் ஜெபமாலையைத் தொட்டுச் சத்தியம் வாங்கினார். கை மீன் செதிலாக இருந்தது. பிறகு அந்தக் கையாலேயே எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பஸ்ஸில் என்னை முதல் சீட்டில் உட்காரச் சொன்னார், எனக்கு வாந்தி வருகிறது என்பதால் என்று எல்லாரிடமும் சொன்னார். எனக்கு வாந்தி வருவதில்லை. மேட்டுல யாரு நிக்கிறா குட்டி, கதவுகிட்ட நாய் இருக்கா என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார், நானும் சொல்லிக்கொண்டே வருவேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பின்சீட்டுப் பையன்கள் என்னை ரேடியோ என்று கூப்பிடுகிறார்கள், ரேடியோ இன்னைக்கு மழை வருமா என்று கத்துவார்கள், அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். உன் படத்தையும் அப்படித்தான் பார்த்தார். இளைத்திருக்கிறாய், தாடி வைத்திருக்கிறாய் என்று நான்தான் சொன்னேன்.

இந்த ரோட்டில் எந்த வளைவு எங்கே என்று அவருக்குத் தெரியும், அதனால் இதுவரை ஒன்றும் ஆகவில்லை. சுரங்கத்துக்குப் போகும் மலைரோடு அவருக்கும் பழக்கமில்லை, எனக்கும் பழக்கமில்லை. ஒரு பக்கம் வெறும் பள்ளம், தடுப்பு கிடையாது என்று மாமா சொன்னார். அங்கே நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பின்னால் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். தொண்டை வலி என்று நான் வீட்டில் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், அப்படி இருந்தால் அவருக்குச் சொல்ல யாருமே இருக்கமாட்டார்கள்.

இதை நாளைக் காலை தபாலில் போட்டால் விடுமுறை முடிவதற்குள் உனக்கு வந்துவிடும் என்று தபால்காரம்மா சொல்கிறாள். வந்தவுடன் போன் செய். நீ சொன்னால் கேட்பார், மாமா சொன்னால் சிரிப்பார். என் பெயரைச் சொல்லிவிடாதே என்று முதலில் எழுதி அடித்திருக்கிறேன் பார். சொல்லிக்கொள். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், உன்னைப் பற்றி அதில் எதுவும் இல்லை. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, அப்பா அதைச் சொல்ல மறந்துவிட்டார். நீ பத்திரமாக இருக்க நானும் வேண்டிக்கொள்கிறேன்.

முதல் தாளின் அடியில் அப்பாவின் கையெழுத்தைப் பார். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில்தான் பேனாவை வைத்தார், எழுதும்போது கை தாளை விட்டு நகர்ந்துவிட்டது. பெயரில் பாதிதான் உன்னிடம் வருகிறது, முழுப் பெயராக்கி எழுதியது நான். மீதிப் பாதி சமையலறை மேசை விரிப்பில் இருக்கிறது. எப்போதும் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். இன்று துடைக்கவில்லை. காலையில் காப்பி போட அம்மாதான் முதலில் வருவாள்.

உன் தங்கை,
டெல்ஃபினா