ஏரிக்கரையில் குந்தியிருந்தவன்

நவம்பர் 10, 1991. ஞாயிறு

காலைல தூறல். டிபன் நேரத்துக்கு வெறிச்சிடுச்சு.

ரெயின்கோட் தோள்ல கிழிசல். பஞ்சர் கடைல டியூப் துண்டு வெச்சு ஒட்டிக் குடுத்தான். நீலக் கோட்டுல செவப்பு ஒட்டு, அசிங்கம். செயினுக்கு எண்ணெய் விட்டாச்சு. வூட்ல கல்பனா கேட்ட வலி தைலம், மறந்துட்டேன்.

ஒரகடம் கூட்ரோடு டீக்கடை, ஞாயித்துக்கிழம வழக்கப்படி. மூணு புல்லட், மூணு ஆளு. நான், அந்தோணி, பாஷா பாய். பாய் சுங்குவார்சத்திரத்துல டி.வி. ரிப்பேர் கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு வந்தாரு.

அந்தோணியோட கம்ப்யூட்டர் புராணம். டி.வி.ல மாட்டுற செட்டு, என்கிட்ட இருக்கிற அதேதான். கேசட்லேர்ந்து புரோக்ராம் ஏற மாட்டேங்குதாம், பாதில நிக்குதாம்.

பாய்: "டேப் ஹெட்ட ஸ்பிரிட் தொட்டு தொடைச்சிடு. பக்கத்துல சின்ன ஸ்க்ரூ கீது பாரு, அத்த கால் திருப்பு திருப்பு. கீச்சு சத்தம் தெளிவா வரணும்."

நான்: ஃபிரிட்ஜ் ஓடும்போது லோட் பண்ணாத.

பதிலுக்கு அந்தோணி எனக்கு: வண்டி பிளக் நனைஞ்சா துணில தொடைக்காத, அடுப்புல காட்டி சூடா மாட்டு.

கெளம்பும்போது அவன் சொன்னது: "மச்சி, வல்லக்கோட்டை பக்கம் ஏரிக்கரைல போறப்ப மட்டும் வண்டி சத்தம் ரெண்டா கேக்குது. பின்னாடி யாரோ இன்னொரு புல்லட்ல வர்ற மாதிரி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல."

பாய் எஞ்சின்ல டேப்பட் லூசான்னு பாக்கச் சொன்னாரு. நான் அவன் வண்டிய வாங்கி ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தேன். ஒரே சத்தம்தான். சுத்தமா ஓடுது.

நவம்பர் 12, செவ்வாய்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். நாள் பூரா மழை. லைன்ல ரெண்டு மோட்டார் புகை. சாப்பிடக்கூட வெளிய வரல.

ஷிப்ட் முடிஞ்சு கம்பெனிலேர்ந்து திரும்பி வரேன், ஏரிக்கரைல அந்தோணி வண்டி. சென்டர் ஸ்டாண்டு போட்டு நிக்குது. சாவி தொங்குது. பிளக்க கழட்டி கர்ச்சீப்புல வெச்சிருக்கான், பக்கத்துல ஸ்பேனர் வரிசையா. எஞ்சின் தொட்டுப் பாத்தேன், இன்னும் சூடு. ஆளக் காணம்.

ஒதுங்கப் போயிருப்பான்னு நின்னேன். கூப்ட்டேன். மழை நின்னு தண்ணி ஆடாம கெடக்குது. ஒரு கொக்கு கூட இல்ல. ரொம்ப நேரம் அப்படியே நின்னிருப்பேன்.

ஆடு ஓட்டிக்கினு ஒரு அம்மா வந்துது.

"இந்த வண்டிக்காரரு எங்க போனாருன்னு பாத்தியாம்மா?"

என்னையே பாத்துது. "என்னக் கேக்குறியே. இம்மா நேரம் நீதானப்பா அவரு பக்கத்துல குந்திக்கினு பேசிக்கினு இருந்த."

"நான் இப்பதான் வரேன்மா. கம்பெனிலேர்ந்து."

"இதே நீலக் கோட்டு. தோள்ல செவப்பு ஒட்டு." சொல்லிக்கினே பின்னாடி நகந்துது. ஆட்டை அதட்டக் கூட இல்ல, கழுத்துக் கயித்தப் புடிச்சி இழுத்துக்கினு வேகமா போயிடுச்சு.

இருட்டறதுக்குள்ள ஸ்டெல்லாவுக்குத் தகவல் சொல்லிட்டேன். அந்தோணி பொண்டாட்டி. "அவரு மத்தியானமே பர்மிஷன் போட்டுட்டு கெளம்பிட்டாராமே அண்ணா. அவரு கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டேன்"னு சொல்லுச்சு.

நவம்பர் 13, புதன்

லீவு. ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க. அந்தோணி வண்டியும் அங்க கொண்டாந்து வெச்சிட்டாங்க. மே மாசம் குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் இந்த ஊரு ஸ்டேஷன்ல யாரையும் லேசா விடறதில்ல.

ஆட்டுக்காரம்மாவ கூட்டிக்கினு வந்தாங்க. என்னப் பாத்ததும் தலையாட்டிட்டுது. சந்தேகமே இல்லாம.

எஸ்.ஐ.: "நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"லைன்ல சார்."

"அது சொல்லுது, நீ ஏரிக்கரைல இருந்தன்னு. ரெண்டு பேருக்கும் எதுனா தகராறா?"

கம்பெனிக்கு ஆள் அனுப்பினாங்க. பஞ்ச் கார்டு, சூப்பர்வைசர், கூட மோட்டார் இறக்கின ரெண்டு பசங்க. எல்லாரும் ஒரே பேச்சு, இவரு எடத்த விட்டு நகரலன்னு. கெழவிக்குக் கண்ணு செரியில்ல, சாயங்காலம் பாத்தத மத்தியானம்னு சொல்லுதுன்னு எஸ்.ஐ. முடிச்சிட்டாரு. ஆனா ஊர விட்டுப் போவக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாரு.

ஏரில மீன் புடிக்கிறவங்க எறங்கித் தேடினாங்க. மார்பு அளவுதான் தண்ணி. ஒண்ணும் இல்ல.

வூட்டுக்கு வந்தா கல்பனா ஒரு கேள்வி கேக்கல. சோறு, ரசம், அப்பளம். ஸ்டேஷன்ல பஞ்ச் கார்டு காட்டினேன்னு நானே சொன்னேன். "சரி"ன்னு மட்டும் சொன்னா.

நவம்பர் 15, வெள்ளி

மழை இல்ல. வெயிலும் இல்ல.

ஸ்டெல்லா சொல்லி அனுப்பிச்சு. கம்ப்யூட்டர்ல எதுனா எழுதி வெச்சிருக்கானான்னு பாக்கணுமாம். போனேன். என் டேப்ப எடுத்துக்கினு போயிருந்தேன், கேசட்டுங்க எல்லாம் போட்டுப் பாத்தேன். ஒண்ணு வண்டி சர்வீஸுக்கு அவனே எழுதின புரோக்ராம், அரைகுறை. மீதி ரெண்டு கேம்ஸ். வேற ஒண்ணும் இல்ல.

அது காபி கொண்டாந்து வெச்சிட்டு நின்னுக்கினே இருந்துச்சு.

"அண்ணா, நான் போலீஸ் இல்ல. எனக்காவது சொல்லுங்க. அவரு உங்ககிட்ட என்னா பேசினாரு?"

"நான் அங்க இல்லம்மா."

"சரி. வேற மாதிரி கேக்கறேன். பேசும்போது சந்தோசமா இருந்தாரா?"

காபி ஆறிப்போச்சு. எழுந்து வந்துட்டேன்.

வர்ற வழில வண்டி சத்தம் ரெண்டா கேட்டுது. அங்கயே ஓரமா நிறுத்தி இறங்கிப் பாத்தேன். பின்னாடி ஒரு மாட்டு வண்டி, அவ்ளோதான்.

நவம்பர் 17, ஞாயிறு

வாழ்க்கைல மறக்க மாட்டேன். நடந்தத வரிசையா எழுதறேன்.

டீக்கடைல நானும் பாயும் மட்டும். அவரு வண்டில கிளட்ச் கேபிள் நூலா பிரிஞ்சிருந்துது, சொன்னேன், தலையாட்டினாரு. மழை கொட்டுது.

வல்லக்கோட்டை பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு நடந்து வரான். குடை இல்ல. கிட்ட வந்தப்பதான் தெரிஞ்சுது. அந்தோணி.

செவ்வாக்கெழம போட்ட கம்பெனி சட்ட. முகத்துல தாடி இல்ல, அன்னிக்கி காலைல வழிச்ச மாதிரி. கையில பிளக் கழட்டின எண்ணெய். நேரா என்கிட்ட வந்தான். கோவமா.

"வண்டி எங்கடா? நீ பாத்துக்கறேன்னுதான ஒதுங்கப் போனேன். வந்து பாத்தா நீயும் இல்ல, வண்டியும் இல்ல. எவ்ளோ தூரம் நடக்க வெக்கிற."

பாய் கிளாஸ பெஞ்சுல வெச்சாரு. "அந்தோணி, இன்னிக்கி இன்னா கெழம தெரியுமாபா?"

"செவ்வாய்."

டீக்கடைக்காரரு நியூஸ் பேப்பர எடுத்துக் காட்டினாரு. அந்தோணி படிச்சான். மறுபடி படிச்சான். அப்புறம் பெஞ்சுல உக்காந்துட்டான். தோள்ல கை வெச்சேன். சட்ட ஈரம்தான். ஆனா ஷூ காய்ஞ்சி இருந்துது. அடில சேறே இல்ல.

வண்டில ஏத்தி வூட்ல விட்டேன். ஸ்டெல்லா அவன் முகத்தையே தடவிக்கினு இருந்துச்சு, கண்ணு தெரியாதவங்க மாதிரி.

நவம்பர் 18, திங்கள்

டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாராம். போலீஸ்ல, எங்கியோ குடிச்சிட்டுப் படுத்திருந்தான்னு எழுதி மூடிட்டாங்க. அவன் குடிக்கவே மாட்டான். போவுது. ஆளு வந்துட்டான், அதுவே போதும்.

ஷிப்ட் முடிஞ்சு போய்ப் பாத்தேன். டி.வி. முன்னாடி உக்காந்திருந்தான். டேப்ல கீச்சு சத்தம், புரோக்ராம் தடங்கல் இல்லாம ஏறுது.

"செவ்வாக்கெழம நாம என்னடா பேசினோம்?"னு கேட்டேன். சாதாரணமா கேக்கற மாதிரி.

"பெருசா இல்ல. பிளக்குல கரி நெறைய கீதுன்ன. அப்புறம் உன் விஷயம்."

"என் விஷயமா?"

டேப்ப நிறுத்தினான். ஸ்டெல்லா பின்னாடி துணி எடுக்கப் போயிருந்துச்சு. அவன் குரல எறக்கி, "தேன்மொழி பத்திதான். நீ அழுத மச்சி. உன்ன அப்படி நான் பாத்ததே இல்ல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாத."

வண்டி சாவிய எடுத்துக்கினு கெளம்பிட்டேன்.

இத இங்க எழுதறதும் இதான் மொத தடவ. ரெண்டு வருஷம் முன்னாடி கல்பனாவுக்கு ஏழாம் மாசத்துலயே பொறந்துது. பொண்ணு. உசுரு இல்ல. கல்பனா மயக்கத்துல இருந்தா. நர்ஸம்மா துணில சுத்தி எடுத்தாந்து, பாக்கறீங்களான்னு கேட்டுது. வேணாம்னு தலையாட்டிட்டேன். முகத்தப் பாக்கல. வராந்தால நின்னப்போ மனசுக்குள்ள மட்டும் அந்தப் பேர வெச்சேன். வாய்விட்டு ஒரு தடவ கூட சொன்னதில்ல. கல்பனாகிட்ட கூட. அதுக்கப்புறம் அவளும் நானும் பாப்பாவப் பத்திப் பேசினதே கெடையாது.

அந்தப் பேரு அந்தோணி வாய்ல.

நவம்பர் 19, செவ்வாய்

வேலைக்குப் போவல. ராத்திரி தூக்கம் இல்ல. வெளியில நல்ல வெயில். மொட்டமாடில எல்லாரும் துணி காயப்போடறாங்க.

வெளியாளுக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. இன்னிக்கி சொல்லிடணும்னு முடிவு பண்ணேன். கல்பனா அடுப்படில மொளக்கீரை ஆஞ்சிக்கினு இருந்தா. எதிர்ல உக்காந்தேன்.

"கல்பனா, நம்ம பாப்பாவுக்கு நான் ஒரு பேரு..."

"தேன்மொழி." கீரைலேர்ந்து கண்ண எடுக்கல. "அதான் சொன்னீங்களே."

எப்பன்னு கேட்டேன்.

"போன செவ்வாக்கெழம மத்தியானம். கோட்டக் கூட கழட்டல, தரையெல்லாம் தண்ணி. இதே எடத்துல உக்காந்துதான் அழுதீங்க. நானும் அழுதேன். அப்புறம், அந்தோணி காத்துக்கினு இருப்பான்னு சொல்லிட்டுப் போனீங்க."

ஒரு தண்ட ஒடிச்சிப் போட்டா.

"மறுநா ஸ்டேஷன்லேர்ந்து வந்து, கம்பெனிய விட்டு வெளியவே வரலன்னீங்க. அவர ஏதோ பண்ணிட்டீங்களோன்னு நெனச்சேன். யாரு வந்து கேட்டாலும் நீங்க வூட்டுக்கு வரவே இல்லன்னு சொல்றதுக்கு மனச தேத்தி வெச்சிருந்தேன். அவரு திரும்பி வந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது. ஏன் பொய் சொன்னீங்கன்னு கேக்கல. இப்பவும் கேக்க மாட்டேன்."

நான் வரலன்னு சொல்ல வாய் எடுத்தேன். அவ கீரைய ஒதுக்கி வெச்சிட்டு என் கையப் புடிச்சா. ரெண்டு வருஷத்துல அவளா வந்து தொட்டதில்ல.

"ஏங்க. அன்னிக்கி மாதிரி இன்னொரு வாட்டி அவளப் பத்தி சொல்லுங்க. நான்தான் பாக்கலியே."

வாசப் பக்கம் பாத்தேன். யாரும் இல்ல. வெயில் மட்டும்.

"எதுவரைக்கும் சொன்னேன்?"

"தலமுடி சுருட்டைன்னு சொன்னீங்க. மூக்கு உங்க மூக்குன்னு சொன்னீங்க."

ஆமா, என் மூக்குதான்னேன்.