வெறுங்குப்பியும் கிழட்டுக் கடாவும்

நவம்பர் 6
ரொடோப்பி மலையிலிருந்து ஸ்தோயில் தம் கிழட்டுக் கடா பாஷாவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கறுப்பு ஆட்டு வம்சத்தில் மிஞ்சிய ஒரே கடா. நெஞ்சுச் சளி, இன்னொரு தடவை விந்து எடுக்க அது தாங்காது. இன்று எடுத்ததில் பெரும்பகுதியைத் தேன் கலந்து உறையவைத்தேன். இளங்கடாக்களிடம் பலித்த முறை. ஒப்பிட்டுப் பார்க்க மீதியை வெறும் உப்புநீரில். முட்டை மஞ்சள் இரண்டிலும் உண்டு.

“உப்புத்தண்ணியில போட்டா விந்து செத்துடும்னு தெரிஞ்சே எதுக்கு டாக்டரம்மா போடுறீங்க?” என்றார் ஸ்தோயில்.

“இல்லேன்னா தேன்தான் காப்பாத்திச்சுன்னு எப்படிச் சொல்றது?”

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நவம்பர் 7
தேன் குழல் ஒன்றை உருக்கி நுண்ணோக்கியில் பார்த்தேன். ஓர் உயிரணுகூட அசையவில்லை. உப்புநீர்க் குழலில் பாதிக்கு மேல் நீந்துகின்றன. இது நடக்கவே கூடாது. எதை எதில் ஊற்றினேன்?

நவம்பர் 8
உப்புநீர்க் குப்பியை முகர்ந்தேன். பழ வாசனை.

பக்கத்து அறையில் களிம்பு தயாரிக்கும் பெங்கா போன வாரம் காலியாக இரவல் வாங்கிப் போய், உப்புநீர்ச் சீட்டோடு அப்படியே திருப்பித் தந்த குப்பி அது. கேட்டேன்.

“சீமைமாதுளை விதை ஊறவெச்ச தண்ணிடி. உன் கை வெடிச்சுக் கிடக்கே, பூசிக்கோன்னுதான்.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“வாங்கின பாத்திரத்தை வெறுசா யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?”

கத்திவிட்டேன். ஆனால் தண்ணீர் கொழகொழவென்று இருந்திருக்குமே. பார்க்காமல் ஊற்றியது நான்தானே! கை விறைத்திருந்தது என்பதெல்லாம் சாக்கு.

நவம்பர் 9
இன்னும் இரண்டு தேன் குழல்கள். அதே கதை.

நவம்பர் 15
பாஷா செத்துவிட்டது. ஃபோனில் ஸ்தோயிலிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

பிறகு, “அப்போ என் பாஷா வம்சம் கைக்குப் பூசுற தண்ணியில இருக்குங்கிறீங்க.”

“ஆமாண்ணே.”

“அதையே என் பெட்டைகளுக்குப் போடுங்க. என் பொண்டாட்டி அந்த விதைத் தண்ணியைத்தான் மூஞ்சிக்குப் பூசுறா. அவளுக்கு ஒண்ணும் ஆகலை.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

டிசம்பர் 2
ஆய்வுக்கென்று விதைநீர்க் குழல் இரண்டையாவது வைத்துக்கொள் என்று சோஃபியாவிலிருந்து எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர் சொன்னார். வைக்கவில்லை. அத்தனையையும் ஸ்தோயிலின் பதினோரு பெட்டைகளுக்குச் செலுத்தினோம். இனி யார் கேட்டாலும் காட்ட என்னிடம் சான்று இல்லை.

பிப்ரவரி 20
விதைநீரை வேறு கடாக்களின் விந்தில் சோதித்தேன். காக்கிறது, ஆனால் தேன் அளவுக்கு இல்லை. பிறகு பாஷாவுக்கு மட்டும் ஏன்? தெரியவில்லை.

ஏப்ரல் 30
ஸ்தோயில் கூப்பிட்டார். பதினொன்றில் சினை பிடித்தது ஒன்றே ஒன்றுதான். இன்று ஈன்றது.

“கறுப்பு, டாக்டரம்மா. கடாக்குட்டி. எழுந்து நிக்குது.”

பதினொன்றில் ஒன்று. கட்டுரையில் போட்டால் சிரிப்பார்கள். பெங்காவின் அறைக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என்னடி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.